பாலத்தின் நடுவும் பாலத்தின் அடியும்: போட்லன்ட் நகரின் இரட்டைத் தளப் பாலங்கள் பற்றி ஒரு நோக்கு

கட்டடங்களையும் சிற்பங்களையும் விமரிசிக்கும் மரபு வளர்ந்த அளவுக்குப் பாலங்களை விமரிசிக்கும் மரபு வளரவில்லை. பாலம் பொறியியலாளனுக்கு உரியது, அதன் நலந் தீங்குகளைக் கணக்கே தீர்மானிக்கும் என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. கோபுரமொன்றைப் பற்றியோ மாளிகையொன்றைப் பற்றியோ அபிப்பிராயங் கூறத் தயங்காத கற்றோரும் பாலமொன்றின் முன்னே வாய் திறப்பதில்லை. நின்றால் நல்ல பாலம், வீழ்ந்தால் தீய பாலம் என்ற அளவில் விடயம் முடிந்துவிடுகிறது. ஆயினும் நகரொன்றின் நடுவே ஓடும் ஆற்றின்மீது எழும் பாலம், அந்நகரின் எந்தக் கட்டடத்தைக் காட்டிலும் அதிகமானோரின் கண்ணில் நாளாந்தம் படுவதாகும். நூலொன்று பிடிக்காவிடின் மூடி வைக்கலாம். நாடகம் பிடிக்காவிடின் எழுந்து போகலாம். பாலத்தின் முன்னே அந்தச் சலுகை எவருக்கும் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியிலே, ஒறிகன் மாநிலத்தில் உள்ள போட்லன்ட் நகரம், பாலமொன்றைப் பற்றிய விமரிசனம் உண்மையாகவே நிகழ்ந்து, அவ்விமரிசனம் அடுத்த பாலத்தின் வடிவத்தையே மாற்றிய இடமாகும். அதனாலேயே அது நமது கவனத்துக்கு உரியதாகிறது. வில்லாமெற் ஆறு இந்நகரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்து ஓடுகிறது. நகர எல்லைக்குள் அவ்வாற்றைக் கடக்கும் பாலங்கள் 12. அவற்றுள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இரு தளங்களைக் கொண்டவை. 1912ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உருக்குப் பாலம் ஒன்று. அதன் பெயரே அதுதான். மற்றவை இரண்டும் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளைத் தாங்குபவை: 1966இல் திறக்கப்பட்ட மார்க்குவம் பாலமும், 1973இல் திறக்கப்பட்ட பிறீமொன்ற் பாலமும். முன்னது அந்நகரத்தவரால் நெடுங்காலமாக அவலட்சணத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுவது. பின்னது அழகுக்கு உதாரணமாகக் காட்டப்படுவது. இவ்விரு தீர்ப்புகளும் எந்த அளவுக்குச் சரியானவை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மார்க்குவம் பாலத்தை முதலில் நோக்குவோம். ஆற்றினுள் நிறுத்திய தூண்களிலிருந்து இரு புறமும் கைநீட்டி நடுவில் சந்திக்கும் உருக்குச் சட்டகம் அது. அதன் மிக நீண்ட கண் சுமார் 440 அடி. சட்டகத்தின் தலைமேல் மேற்தளம் செல்கிறது. வடக்கு நோக்கிய வாகனங்கள் அதற்குரியன. சட்டகத்தின் வயிற்றினுள், சாய்ந்து குறுக்கிடும் உருக்குச் சட்டங்களுக்கிடையே, கீழ்த்தளம் செல்கிறது. தெற்கு நோக்கிய வாகனங்கள் அதற்குரியன. ஒரு நாளில் 100,000 இற்கும் மேற்பட்ட வாகனங்கள் இதனைக் கடக்கின்றன. அக்காலக் கணக்கில் ஏறத்தாழ 140 இலட்சம் டொலர் செலவில் இது அமைக்கப்பட்டது. ஆற்றின் இரு கரைகளிலும் இதன் நுழைவழிகளும் வெளியேறு வழிகளும் தூண்களின்மேல் வளைந்தும் ஒன்றையொன்று தாண்டியும் இறங்குகின்றன. நீதிபதியாகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த பிலிப் ஓகஸ்டஸ் மார்க்குவம் என்பாரின் பெயரைப் பாலம் தாங்கியுள்ளது. 1890இல் இந்நகரில் ஒரு பெரிய நாடக அரங்கை எழுப்பியவர் அவர். கலையரங்கு கட்டியவரின் பெயர், கலையுணர்வு இல்லை என்று பழிக்கப்படும் பாலத்துக்கு வாய்த்தது ஒரு விநோதம்.

பாலத்தின் வடிவம் தெரியவந்தபோதே எதிர்ப்புத் தொடங்கிவிட்டது. நகரின் கலை ஆணைக்குழு முறைப்படி தனது கண்டனத்தைத் தெரிவித்தது. கண்டனத்தின் சாரம் இது: இவ்வடிவத்தில் நளினம் சிறிதும் இல்லை, நகரின் முகத்திலே இது ஒரு வடுவாக அமையும். மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்தின் விடை எளிமை, சிக்கனம் என்ற இரு சொற்களில் அடங்கியது. இவ்விடையை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் நியாயமன்று. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசாங்கம் ஏற்றது. எஞ்சிய பத்துப் பங்கே மாநிலத்துக்கு உரியது. அப்பணம் வாகனங்களை விரைவாகக் கொண்டு செல்வதற்காக அளிக்கப்பட்டது. கண்ணுக்கு இனிமை தருவதற்கென்று அதில் ஒரு சதமேனும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. பொறியியலாளர் தம்மிடம் கேட்கப்பட்ட வினாவுக்குச் சரியான விடையையே எழுதினர். வினாவே குறைபாடுடையது என்பதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இருந்ததா என்பது வேறு விடயம்.

உண்மையில் மார்க்குவம் பாலத்தைச் சற்று நேரம் நின்று நோக்குவோருக்கு அதில் ஒருவகை நேர்மை புலப்படாமற் போகாது. எந்தச் சட்டம் அமுக்கத்தைத் தாங்குகிறது, எது இழுவையைத் தாங்குகிறது என்பதை அது மறைக்கவில்லை. தூணின் அருகே சுமை மிகுதி; நடுவிலே குறைவு. அந்தக் கணக்கு வெளிப்படையாக எழுதிவைக்கப்பட்டதுபோல நிற்கிறது. அலங்காரம் என்ற பெயரில் பொய்த்தூண் எதுவும் அங்கே ஒட்டப்படவில்லை. இதே ஆற்றின் வடகோடியில், 1931இல் டேவிட் ஸ்ரைன்மன் என்னும் பொறியியலாளர் அமைத்த சென் ஜோன்ஸ் தொங்குபாலம் இருக்கிறது. ஐரோப்பியத் தேவாலயங்களை நினைவூட்டும் கூர்வளைவுகள் அதன் கோபுரங்களை அழகுசெய்கின்றன. அதனை நேசிக்காத போட்லன்ட்வாசியைக் காண்பது அரிது. ஆனால் அக்கூர்வளைவுகளுள் எத்தனை பாரத்தைத் தாங்குவதற்காக இருக்கின்றன, எத்தனை கண்ணைத் தாங்குவதற்காக இருக்கின்றன என்று கேட்டால் விடை எளிதன்று. அவ்வகையில் மார்க்குவம் பாலம் தன்னை உள்ளவாறே காட்டுகிறது. இதனைச் சொல்வது அதனை அழகானது என நிறுவுவதற்கன்று. அழகின்மை என்ற குற்றச்சாட்டு எதைக் கருதி எழுந்தது என்பதைத் தெளிவுபடுத்துவதற்கே.

இனிப் பிறீமொன்ற் பாலம். மார்க்குவம் பாலத்தின் மீது எழுந்த அதிருப்தியின் விளைவாக, அடுத்த பாலம் திட்டமிடப்பட்டபோது கலை ஆணைக்குழு வடிவமைப்பிற் பங்குகொள்ள அழைக்கப்பட்டது. விமரிசகர்களின் வாழ்க்கையில் இவ்வாறான நிகழ்ச்சிகள் அடிக்கடி ஏற்படுவதில்லை என்பது சொல்லாமலே விளங்கும். விளைந்தது 1,255 அடி நீளமான ஒரே கண்ணால் ஆற்றைத் தாவும் வில். இதன் அமைப்பை விளக்குவதற்குத் தமிழ் வாசகருக்கு அதிக சிரமம் வேண்டியதில்லை. வில்லை வளைத்தால் அதன் இரு நுனிகளும் வெளியே விரிய முயல்கின்றன. நாண் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. சாதாரண வில்வளைவுப் பாலத்தில் அந்த விரியும் விசையைக் கரையிலுள்ள பாறையோ பாரிய அடித்தளமோ ஏற்கவேண்டும். இங்கே போக்குவரத்துத் தளத்தோடு செல்லும் உருக்கு விட்டங்களே நாணாக நின்று அதனை ஏற்கின்றன. ஆதலால் ஆற்றின் நடுவே தூண் வேண்டியதில்லை. கரைகள் அந்தப் பெருவிசையைத் தாங்கவேண்டியதுமில்லை. வில் தளத்துக்கு மேலே எழுந்து, கரையை அணுகும்போது தளத்துக்குக் கீழே இறங்கி, தூண்களின்மீது இளைப்பாறுகிறது. இரு தளங்களின் கனத்தையும் கண் உணராத வண்ணம் அந்த ஒற்றைக் கோடு பார்வையை இழுத்துச் செல்கிறது.

அதனை ஏற்றிய முறையும் நினைவுகூரத்தக்கது. வில்லின் நடுப்பகுதி, 902 அடி நீளமும் சுமார் 6,000 தொன் நிறையும் கொண்டது, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலுள்ள சுவான் தீவிலே முழுதாக இணைக்கப்பட்டது. பின்னர் பாரந்தாங்கிப் படகின்மீது வைத்து ஆற்றுவழியே கொண்டுவரப்பட்டு, 1973 மார்ச் மாதத்திலே, 32 நீரியல் உயர்த்திகளின் உதவியால் ஏறத்தாழ 170 அடி உயரத்துக்குத் தூக்கிப் பொருத்தப்பட்டது. அத்துணைப் பாரத்தை அவ்வாறு உயர்த்தியது அந்நாளில் ஓர் உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. செலவு 820 இலட்சம் டொலர். மார்க்குவம் பாலத்தின் செலவைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அழகுக்கு நகரம் கொடுத்த விலை இது என்று சிலர் எழுதுவதுண்டு. அக்கணக்கு முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. இரண்டுக்கும் இடையே ஏழு வருட விலையேற்றம் உண்டு. கண்ணின் நீளம் ஏறத்தாழ மூன்று மடங்கு. கப்பல்கள் செல்வதற்கான உயரமும் அதிகம். ஆயினும் மலிவான வடிவத்தைத் தேர்ந்திருக்கலாம், தேரவில்லை என்பது உண்மையே.

ஆகவே விமரிசனம் வென்றது. வென்றது எது என்பதைத்தான் இனிக் கவனிக்கவேண்டும்.

இரு பாலங்களிலும் நடைபாதை இல்லை. ஆற்றைக் கடக்க விரும்பும் ஒருவர் வாகனம் இன்றி இவற்றுள் எதனாலும் கடக்க இயலாது. 1996 முதலாகப் பெரும்பாலான ஆண்டுகளில் கோடைகாலத்து ஞாயிறு ஒன்றின் காலையிலே சில மணித்தியாலங்கள் மட்டும் துவிச்சக்கரவண்டிக்காரருக்காக மேற்தளங்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. ஆயிரக்கணக்கானோர் அன்று அங்கே கூடி, நடுவழியில் இறங்கி, கைப்பிடிச் சுவரருகே நின்று நகரைப் பார்த்திருக்கின்றனர். மார்க்குவம் பாலத்தின் மேற்தளத்திலிருந்து தெளிந்த நாளிலே பனிமூடிய ஹூட் மலையின் சிகரம் தெரிகிறது. நகரின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றை அதன் மிக அவலட்சணமான பாலமே தருகிறது. ஆனால் அக்காட்சியை மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் செல்பவன் காண முடியாது, கண்டால் விபத்து. கீழ்த்தளத்தில் செல்பவனுக்கோ அந்தக் கவலையும் இல்லை. அவனுக்குத் தலைக்கு மேலே கொங்கிறீற்றுக் கூரை. இரு புறமும் வரிசையாகக் கடந்து செல்லும் உருக்குச் சட்டங்கள். வடக்கே போகும்போது வானமும் தெற்கே போகும்போது கூரையும் என்ற இந்தப் பாகுபாடு எவரும் திட்டமிட்டதன்று. நிலத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு சாலையைத் தூக்கி மற்றதன் தலையில் வைத்ததன் பக்கவிளைவு அது.

இவ்விடத்தில் மூன்றாவது பாலத்தை, அதாவது 1912ஆம் ஆண்டின் உருக்குப் பாலத்தை, ஒப்புநோக்குதல் பயனளிக்கும். அதற்கும் இரு தளங்கள் உண்டு. மேற்தளத்திலே மோட்டார் வாகனங்களும் பஸ்களும், 1986 முதலாக நகரின் இலகு புகையிரதமும் செல்கின்றன. கீழ்த்தளம் நெடுந்தூரப் புகையிரதங்களுக்கு உரியது. கப்பல் வரும்போது நடுப்பகுதி செங்குத்தாக மேலெழுகிறது. வியப்புக்குரியது யாதெனில், சிறிய கலம் வந்தால் கீழ்த்தளம் மட்டும் தனியே உயர்ந்து, மேற்தளத்தின் சட்டகத்தினுள் தன் தூக்குக் கம்பங்களை உள்வாங்கிக்கொள்ளும். மேலே போக்குவரத்து நில்லாது. பெரிய கலம் வந்தால் இரண்டும் சேர்ந்து உயரும். 2001இல் கீழ்த்தளத்தின் ஓரத்திலே பாதசாரிகளுக்கும் துவிச்சக்கரவண்டிகளுக்கும் ஒரு பாதை அமைக்கப்பட்டு, இரு கரையிலுமுள்ள நடைவழிகளோடு இணைக்கப்பட்டது. தளம் உயரும்போது நடப்போர் படலையருகே காத்து நிற்பர், இறங்கியதும் நடப்பர். நீருக்கு இத்துணை அருகில் நின்று வில்லாமெற் ஆற்றைக் கடக்கும் வாய்ப்பை நகரின் வேறெந்தப் பாலமும் தருவதில்லை.

உருக்குப் பாலத்தை அழகானது என்று பாராட்டுவோர் மிகச் சிலர். கறுத்த கோபுரங்களும் எதிர்நிறைப் பாரங்களும் கம்பிவடங்களுமாக அது ஒரு தொழிற்சாலையை ஒத்திருக்கிறது. இருப்பினும் இரட்டைத் தளம் என்ற எண்ணம் அங்கே பொருளுடையதாகிறது. இரு தளங்கள் இரு வகைப் பயணங்களைத் தாங்குகின்றன. ஒன்று மற்றதற்கு வழிவிடுகிறது. நூறாண்டுக்குப் பின்னரும் புதியதொரு பயன்பாட்டுக்கு அதில் இடமிருக்கிறது. நெடுஞ்சாலைப் பாலங்கள் இரண்டிலும் இரட்டைத் தளம் என்பது ஒரே வாக்கியத்தை இருமுறை எழுதியது போன்றது. மேலே செல்வதும் வாகனம், கீழே செல்வதும் வாகனம். மூன்றாவதாக ஒன்று வந்து சேர்வதற்கு வழியில்லை. பிறீமொன்ற் பாலத்தின் அழகிய வில் இந்தக் குறையை நீக்கவில்லை. கண்ணிலிருந்து அகற்றியது மட்டுமே.

உருவம், உள்ளடக்கம் பற்றி 1960களிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ் விமரிசனத்தில் நிகழ்ந்த வாதங்களை அறிந்தோருக்கு இங்குள்ள சிக்கல் அந்நியமானதன்று. கலை ஆணைக்குழுவினர் உருவத்தைக் கண்டித்தனர், உருவம் திருத்தப்பட்டது, எல்லோரும் திருப்தியோடு வீடு திரும்பினர். பாலம் எதைச் சொல்கிறது, யாரிடம் சொல்கிறது என்ற வினா மேசைக்கு வரவேயில்லை. உருவத்தை நோக்குவது வீண் என்பது என் கருத்தன்று. அழகற்ற பாலத்தை மக்கள்மீது சுமத்துவது ஓர் அநீதியே. அதனை எதிர்த்தோர் தம் கடமையைச் செய்தனர். ஆனால் அவர்கள் பாலத்தின் நடுவை மட்டும் பார்த்தனர். பாலத்துக்கு இரு முனைகள் உண்டு. அவை எங்கே ஊன்றப்பட்டன, அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டிருந்தால் விமரிசனம் வேறொரு திசையிற் சென்றிருக்கும்.

1943இல் நியூயோர்க்கின் ரொபேட் மோசஸ் என்னும் புகழ்பெற்ற நிர்வாகி போட்லன்ட் நகருக்கு அழைக்கப்பட்டு ஒரு திட்டம் தயாரித்தளித்தார். நகரின் நடுப்பகுதியைச் சுற்றிப் பெருந்தெருக்களின் வளையமொன்றை அமைக்கும் எண்ணம் அதில் இடம்பெற்றது. பின்னர் மாநிலத்தின் திட்டங்கள் அவ்வளையத்தை உருவாக்கின. அது ஆற்றைத் தெற்கே கடக்கும் இடம் மார்க்குவம். வடக்கே கடக்கும் இடம் பிறீமொன்ற். மார்க்குவம் பாலத்தின் மேற்கு முனைக்கு அண்மையிலிருந்த தென் போட்லன்ட் பகுதியில் யூதக் குடும்பங்களும் இத்தாலியக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. அப்பகுதி 1950களின் இறுதியிலிருந்து நகரப் புனரமைப்பு என்ற பெயரில் இடிக்கப்பட்டது. நெடுஞ்சாலை அவ்விடிபாட்டை நிறைவு செய்தது.

வடக்கே நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1948இல் வான்போட் என்னும் குடியிருப்பை வெள்ளம் அழித்தபோது, வீடிழந்த கறுப்பின மக்களுக்கு நகரின் ஏனைய பகுதிகளில் வீடு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ பலர் மறுத்தனர். ஆதலால் அவர்களுட் பெரும்பாலோர் ஆற்றின் கிழக்கிலுள்ள அல்பைனாப் பகுதியில் ஒதுங்கினர். அங்கே 1960இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்குக்காக 400 இற்கு மேற்பட்ட வீடுகள் அகற்றப்பட்டன. அதன்பின் நெடுஞ்சாலை அப்பகுதியை ஊடறுத்துச் சென்றது. 1970களின் தொடக்கத்திலே மருத்துவமனையொன்றின் விரிவாக்கத்துக்காக மேலும் பல வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. 1973இல் மத்திய அரசாங்கத்தின் பணம் வற்றியதால் விரிவாக்கம் கைவிடப்பட்டு, நிலம் பல தசாப்தங்கள் வெறுமையாகக் கிடந்தது. அதே 1973இல், அந்நிலத்துக்கு அண்மையில், பிறீமொன்ற் பாலத்தின் கிழக்கு முனை இறங்கியது. நகரின் அழகிய வில்லின் நாண் ஒரு பக்கத்தில் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பது அப்பாலத்தைப் புகைப்படம் எடுப்போருக்குத் தெரிவதில்லை. புகைப்படத்துக்கு ஏற்ற கோணம் ஆற்றின் நடுவே இருப்பதால் அது இயல்பே.

இரு பாலங்களிலும் மற்றொரு பொதுத்தன்மை உண்டு. இரண்டின் கிழக்கு முனைகளிலும் எங்கும் செல்லாமல் வானத்தில் அறுந்து நிற்கும் சாலைத் துண்டுகள் காணப்பட்டன. அவை கைவிடப்பட்ட நெடுஞ்சாலைகளின் நுழைவாயில்கள். மார்க்குவம் பாலத்திலிருந்து கிழக்கே ஹூட் மலைத் திசையில் ஒரு நெடுஞ்சாலை அமைப்பதென்று தீர்மானிக்கப்பட்டிருந்தது. அதற்காகத் தென்கிழக்குப் போட்லன்ட்டில் 1,000 இற்கு மேற்பட்ட வீடுகள் இடிக்கப்படவேண்டியிருந்தது. மக்கள் எதிர்த்தனர். நீதிமன்றத்துக்குச் சென்றனர். பாதை தெரிவுசெய்யப்பட்ட முறை சரியன்று என 1974இல் தீர்ப்புக் கிடைத்தது; அதே ஆண்டு ஜூலை மாதத்தில் நகரசபையும் திட்டத்தைக் கைவிடத் தீர்மானித்தது. அதற்கென ஒதுக்கப்பட்டிருந்த மத்திய நிதியின் ஒரு பகுதி, 1986இல் தொடங்கிய இலகு புகையிரதப் பாதைக்குச் சென்றது. அப்புகையிரதம் ஆற்றைக் கடப்பது பழைய உருக்குப் பாலத்தின் மேற்தளத்தினூடாகவே.

இந்த எதிர்ப்பை நடத்தியோர் அழகியல் பேசவில்லை. தம் வீடு, தம் தெரு, தம் பிள்ளைகள் செல்லும் பள்ளி என்று பேசினர். இருந்தும் நகரின் தோற்றத்தை மாற்றியதில் கலை ஆணைக்குழுவின் பங்கைவிட அவர்களின் பங்கே பெரிது என்பது என் துணிபு. ஆணைக்குழு ஒரு பாலத்தின் கோட்டைத் திருத்தியது. அவர்கள் ஒரு சாலையை இல்லாமலாக்கினர். அல்பைனா மக்களுக்கு அதே செவிசாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதும் உடன் சொல்லப்படவேண்டியது. அவர்களும் எதிர்த்தனர், அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. யாருடைய கண்டனம் காதில் விழுகிறது என்ற வினா அழகியலுக்கு வெளியே உள்ளதாகத் தோன்றலாம். பாலங்களைப் பற்றிப் பேசும்போது அதனை வெளியே நிறுத்திவைக்க முடியாது.

இரட்டைத் தளம் என்ற அமைப்பின் மீது பிற்காலத்தில் வேறொரு நிழலும் படிந்தது. 1989 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியிலே ஓக்லன்ட் நகரின் இரட்டைத் தள நெடுஞ்சாலையொன்றின் மேற்தளம் கீழ்த்தளத்தின்மீது வீழ்ந்து 42 பேர் உயிரிழந்தனர். ஒறிகன் மாநிலமும் பூமியதிர்ச்சிக்கு அப்பாற்பட்டதன்று. கீழ்த்தளத்திற் செல்வோரின் தலைக்கு மேலுள்ள கூரை அதன்பின் வெறும் கூரையாகத் தோன்றவில்லை. இது பொறியியலாளரின் விடயம். இதற்குமேல் நான் பேசுவது முறையன்று.

மார்க்குவம் பாலத்தை அகற்றவேண்டும், கிழக்குக் கரையை அடைத்துக்கிடக்கும் நெடுஞ்சாலையையும் அதனோடு அகற்றவேண்டும் என்ற கோரிக்கை 1980களிலிருந்து எழுவதும் ஓய்வதுமாக இருந்து வந்துள்ளது. பாலம் நிற்கிறது. அதன் தெற்கே, மிக அண்மையில், 2015 செப்ரெம்பரில் ரிலிக்கம் பாலம் திறக்கப்பட்டது. அப்பெயர் அப்பிரதேசத்துப் பூர்வகுடிகளும் வணிகரும் பேசிய சினூக் கலப்புமொழியிலே மக்களைக் குறிப்பது. வெண்ணிற வடங்கள் ஹூட் மலையின் சரிவை நினைவூட்டும் வகையில் இறங்குகின்றன. இலகு புகையிரதம், பஸ், துவிச்சக்கரவண்டி, பாதசாரி ஆகியவை அதில் செல்லலாம்; தனியார் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. மார்க்குவம் பாலத்தின் நேர் மறுப்பாக அதனைக் காண்போர் உளர். அவ்வாறு காண்பதில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. ரிலிக்கம் பாலத்தில் வாகனங்களுக்கு இடமின்றி இருப்பது, அவற்றையெல்லாம் அருகிலுள்ள இரு தளங்கள் ஏற்றுக்கொண்டிருப்பதனாலும் சாத்தியமாயிற்று. அழகிய பாலத்தின் ஓய்வுக்கு அவலட்சணமான பாலம் உழைக்கிறது.

மார்க்குவம் பாலத்தின் மேற்கு முனையின் கீழே சிறிய மணற்கரையொன்று இருக்கிறது. கழிவுநீர் ஆற்றிற் கலப்பதைத் தடுக்கும் பெருங்குழாய்த் திட்டம் ஏறத்தாழ 140 கோடி டொலர் செலவில் 2011இல் நிறைவெய்திய பின்னர், வில்லாமெற் ஆற்றில் மீண்டும் நீந்தலாம் என்ற நிலை ஏற்பட்டது. 2017இல் அக்கரை நீந்துவோருக்குத் திறந்துவிடப்பட்டது. கவிஞர் கரை என்று அதற்குப் பெயர். நீருக்கு இறங்கும் பாதையின் இரு மருங்கிலும் உள்ள கற்களில், ஆற்றைப் பற்றி அந்நகரப் பிள்ளைகள் எழுதிய கவிதை வரிகளும் சினூக் கலப்புமொழிச் சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கோடை வெயிலில் வருவோருக்கு நிழல் தருவது மேலேயுள்ள பாலம். தாய்மார் துவாய்களை விரித்து அங்கே அமர்கின்றனர். பிள்ளைகள் கற்களிலுள்ள எழுத்துக்களை விரலால் தடவி, ஓசைப்படுத்தி வாசிக்கின்றனர். வாகனங்களின் இரைச்சலில் அந்த வாசிப்பு அயலில் நிற்பவருக்கும் சரியாகக் கேட்பதில்லை. மேலே செல்வோருக்குத் தமக்குக் கீழே ஒரு கரை இருப்பது தெரியாது.